ஜனாதிபதிக்கு எத்தனை மார்க்?

திருத்தணியில் பிறந்த ஒருத்தர் ராஷ்டிரபதி பவன் வரைக்கும் போனார். நாமளோ செப்டம்பர் 5 அன்னிக்கு சாக்லேட் கொடுத்துட்டு அவரை மறந்துடுறோம். அவரோட ஆன்சர் பேப்பரைக் கொஞ்சம் திருத்திப் பார்ப்போமா?

திருத்தணின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முருகன். மொட்டை. ஆடிக் கிருத்திகைக் காவடி. வருஷத்துக்கு 365 நாள் கணக்காக 365 படி. டிசம்பர் 31 ராத்திரி நம்மாளுங்க சென்னை பீச்சில் 'ஹேப்பி நியூ இயர்' கத்திக்கிட்டு இருக்கும்போது, இங்கே படித் திருவிழா களைகட்டும். பாடிக்கிட்டே படி ஏறும் கூட்டம்! கொஞ்ச தூரம் தாண்டினால் ஆந்திரா. டீக்கடையில் தமிழும் தெலுங்கும் ஒரே கிளாஸில் கலக்கிக் கொடுப்பாங்க.

இதே ஊரில் 1888 செப்டம்பர் 5-ம் தேதி, தெலுங்கு பேசும் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்பா, ஜமீனில் வருவாய்க் கணக்கு பார்த்தவர். பையன் இங்கே ஆரம்பப் படிப்பு முடித்து திருப்பதி போனார். அப்புறம் வேலூர் ஊரிசு கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டில் புரொஃபசர், மாஸ்கோவில் தூதர், பத்து வருஷம் துணை ஜனாதிபதி... கடைசியாக 1962 மே 13 முதல் 1967 மே 13 வரை இந்தியாவின் ரெண்டாவது ஜனாதிபதி. பயோடேட்டாவே இவ்வளவு நீளம்!

இதில் ஒரு தமாஷ் என்னன்னா, அவர் டெல்லியில் இருந்தப்போ ஊர் இடம் மாறிக்கிட்டே இருந்தது. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிடுச்சு. ம.பொ.சி. போன்றவங்க போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி மறுபடி இந்தப் பக்கம் வந்தது. ஸோ, பாதித் துணை ஜனாதிபதி காலத்தில் அவர் ஆந்திராவின் மைந்தர். ஜனாதிபதி ஆனப்போ தமிழ்நாட்டின் மைந்தர்!

சரி, ஒரு சின்ன டெஸ்ட். ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாக என்ன செய்தார்? எங்க காலேஜ் கேன்டீனில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் 'டீச்சர்ஸ் டே' என்றார்கள். பத்தாவது ஆள், "ஜனாதிபதின்னா கையெழுத்துதானே மச்சி, அதுல என்ன பெர்ஃபார்மன்ஸ்?" என்று எதிர்க்கேள்வி போட்டான். உண்மையில் அதுதான் நல்ல கேள்வி. கையெழுத்து போடுறவருக்கு எப்படி மார்க் போடுறது?

அமெரிக்காவில் ரேங்க் கார்டு ரெடி!

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரங்க செம உஷார். 1948-லயே ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற வரலாற்றுப் பேராசிரியர், 55 அறிஞர்களிடம் கேட்டு, அதுவரை இருந்த அதிபர்களைத் தரம் பிரித்து 'லைஃப்' பத்திரிகையில் போட்டார். அதிலிருந்து இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சி-ஸ்பான் டிவி 2000, 2009, 2017, 2021 என்று நாலு தடவை சர்வே நடத்தியிருக்கு. மொத்தம் பத்து சப்ஜெக்ட். நெருக்கடியைச் சமாளித்தாரா, பொருளாதாரத்தை எப்படி நடத்தினார், நாடாளுமன்றத்தோடு ஒத்துப்போனாரா, எல்லோருக்கும் சம நீதி கிடைக்க உழைத்தாரா... இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க்.

நாலு தடவையும் ஃபர்ஸ்ட் ரேங்க் ஆபிரகாம் லிங்கனுக்குத்தான். உள்நாட்டுப் போர் வெடிக்கப்போகும் நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஜேம்ஸ் புக்கானன் நிரந்தரக் கடைசி பெஞ்ச். இதில் ரீவேல்யூவேஷன் கேஸ்களும் உண்டு. யுலிசஸ் கிராண்ட் 2000-ல் 33-வது இடம். 2021-ல் 20-வது இடம். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவருக்கு மார்க் ஏறுது பாஸ்! அவர் ஆட்சியில் நடந்த ஊழலை மட்டும் பார்த்தவர்கள், அப்புறம் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக அவர் எடுத்த நடவடிக்கைகளையும் பார்க்க ஆரம்பித்தார்கள். அதான் விஷயம்.

சிலபஸே வேற!

இதே கொஸ்டின் பேப்பரை நம்ம ஜனாதிபதிக்குக் கொடுத்தால் எல்லோருமே அவுட். ஏன்னா அமெரிக்க அதிபர் ஆட்சியை நடத்துறவர். ராணுவத்துக்கு உத்தரவு, சட்டத்துக்கு வீட்டோ, எல்லாமே அவர் முடிவு. நம்ம ஊரில் அந்த வேலை பிரதமருக்கும் அமைச்சரவைக்கும். ஜனாதிபதி அவங்க ஆலோசனைப்படி நடக்கணும். 1963 ஜூனில் ராதாகிருஷ்ணன் வாஷிங்டன் போனார். கென்னடி வரவேற்றார். ரெண்டு பேருக்குமே 'பிரசிடென்ட்'தான் பட்டம். ஆனா ஒருத்தர் கையில் ஒரு நாட்டின் அரசாங்கம், இன்னொருத்தர் கையில் ஒரு பேனா.

ஆனா அந்தப் பேனாவுக்கும் சில நேரம் பவர் வரும். தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி இல்லாதபோது யாரைக் கூப்பிடுவது? பிரதமர் திடீரென இறந்துபோனால்? அமைச்சரவை அனுப்பும் ஃபைல் தப்பாகத் தெரிந்தால்? தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் இந்தப் பதவியை எமர்ஜென்சி விளக்குக்கு ஒப்பிட்டார். கரன்ட் இருக்கும்போது சும்மா இருக்கும், கட் ஆனால் எரியணும். கரன்ட் வந்ததும் அணைஞ்சுடணும். சூப்பர் உதாரணம்! எமர்ஜென்சி விளக்கு நல்லதா, டுபாக்கூரான்னு தெரிய கரன்ட் கட் ஆகணும். ஜனாதிபதிக்கு மார்க்கும் அந்த நேரத்தில்தான்.

இன்னொண்ணும் கவனிக்கணும். நம்ம இன்ஜினீயரிங்கில் ரெகுலேஷன் மாறுற மாதிரி அரசியல் சட்டத்திலும் மாறியிருக்கு. அமைச்சரவை சொல்வதை ஜனாதிபதி கட்டாயம் ஏற்கணும்னு வெளிப்படையாக எழுதினது 1976-ல் வந்த 42-வது திருத்தம். 'ஒரு தடவை திருப்பி அனுப்பி, மறுபடி யோசிங்கன்னு சொல்லலாம்' என்ற வாய்ப்பைக் கொடுத்தது 1978-ல் வந்த 44-வது திருத்தம். ராதாகிருஷ்ணன் எழுதினது பழைய ரெகுலேஷன். அங்கே சட்டத்தைவிட மரபுக்குத்தான் வேலை அதிகம்.

புரொஃபசரின் ஆன்சர் பேப்பர்

முதல் கேள்வி: சீனா. பதவிக்கு வந்த அஞ்சே மாசத்தில், 1962 அக்டோபரில் போர். அக்டோபர் 26-ம் தேதி நாட்டின் முதல் எமர்ஜென்சியில் கையெழுத்து போட்டது இவர்தான். ஆனா அதோடு வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. அரசாங்கம் சீனாவை எளிதில் நம்பிவிட்டது, அலட்சியமாகவும் இருந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். பிரதமர் நேரு அவருக்கு நெருங்கிய நண்பர் என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க. நண்பனோட பேப்பரையும் கறாராகத் திருத்தின வாத்தியார்!

ரெண்டாவது கேள்வி: நாற்காலி காலி. 1964 மே 27-ல் நேரு மறைந்தார். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். ரெண்டு வருஷத்துக்குள் ரெண்டு பிரதமர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்தது அதுவரை யாரும் பார்க்காத நிலைமை. அக்கம்பக்கத்து நாடுகளில் அந்தக் காலத்தில் ராணுவத் தளபதிகள் ஆட்சிக்கு வந்துக்கிட்டு இருந்தாங்க. இங்கே ரெண்டு தடவையும் ராதாகிருஷ்ணன் உடனே குல்சாரிலால் நந்தாவுக்குத் தற்காலிகப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். காங்கிரஸ் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருந்தார். முதல் தடவை சாஸ்திரி, அடுத்து இந்திரா காந்தி. 'என் சாய்ஸ் இவர்'னு அவர் மூக்கை நுழைக்கவில்லை. இன்னிக்குப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். அன்னிக்கு அதற்கு முன்மாதிரியே கிடையாது. ஃபுல் மார்க் கொடுக்கலாம்.

மூணாவது கேள்வி: நம்ம சப்ஜெக்ட்! 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி ஆகிறது என்றதும் தமிழ்நாடு கொந்தளித்தது. ரோட்டுக்கு வந்தது யாரு? நம்மளை மாதிரி காலேஜ் பசங்கதான். மதுரையில், சென்னையில், ஊர் ஊராக ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச்சூடு, தீக்குளிப்பு. ஆங்கிலம் தொடர்வது பற்றி 1963 சட்டத்தில் 'தொடரும்' என்று உறுதியாகச் சொல்லாமல் 'தொடரலாம்' என்று போட்டிருந்ததுதான் பயத்துக்குக் காரணம். ஒரே ஒரு வார்த்தை!

பிப்ரவரி 11-ம் தேதி மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியம், ஓ.வி.அளகேசன் ரெண்டு பேரும் ராஜினாமா கொடுத்தாங்க. பிரதமர் சாஸ்திரி, ஏற்றுக்கொள்ளலாம் என்று ஜனாதிபதிக்குப் பரிந்துரை செய்தார். இங்கேதான் திருத்தணிக்காரர் பேனாவை மூடி வெச்சார். ஏற்க மறுத்துட்டார்! சாஸ்திரி பின்வாங்கினார். அன்னிக்கே வானொலியில் பேசி, ஆங்கிலம் பற்றி நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். அந்த உறுதிமொழி 1967-ல் சட்டத் திருத்தமாகவே வந்தது.

'ஆஹா, தலைவா!'ன்னு விசில் அடிக்கத் தோணுதில்ல? கொஞ்சம் நில்லுங்க. கறாரான எக்ஸாமினர் ஒருத்தர் கேட்பார்: 'பிரதமர் சொன்னதைக் கேட்காமல் விட ஜனாதிபதிக்கு ஏது உரிமை? இன்னிக்கு உங்களுக்குப் பிடிச்ச விஷயத்துக்கு மறுத்தார். நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு இன்னொரு ஜனாதிபதி மறுத்தால் ஓகேவா?' கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான். அவர் மறுத்ததால் அதிகாரம் அவர் கைக்கு வரவில்லை. பிரதமருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. கடைசி முடிவை எடுத்ததும், வானொலியில் சொன்னதும் சாஸ்திரிதான். மறுப்பு அவசரத்தைத் தடுத்ததா, அதிகாரத்தைப் பிடுங்கியதா என்று பார்க்கணும். இங்கே தடுத்தது. அதனால மார்க் உண்டு.

இப்போ ரெட் இங்க்!

ஊர்ப்பாசத்தில் மைனஸ் மார்க்கை மறைச்சா அது திருத்துறது ஆகாது. 1962-ல் போட்ட எமர்ஜென்சி, போர் நின்ற பிறகும் தொடர்ந்தது. 1965-ல் பாகிஸ்தான் போர் வந்தது, அதுவும் முடிந்தது. இவர் 1967-ல் ஓய்வு பெறும்வரை எமர்ஜென்சி எடுக்கப்படவில்லை. 1968 ஜனவரியில்தான் முடிந்தது. அந்த வருஷங்களில் விசாரணை இல்லாமல் சிறையில் இருந்தவர்கள் பலர்.

கேரளா இன்னொரு உதாரணம். 1965 மார்ச் தேர்தலில் 133 இடங்களில் 40 ஜெயித்து மார்க்சிஸ்ட் கட்சி பெரிய கட்சியாக வந்தது. ஜெயித்தவர்களில் பலர் சிறையில்! யாருக்கும் மெஜாரிட்டி இல்லை என்று சொல்லி, சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. கையெழுத்து? நம்ம புரொஃபசர். பிப்ரவரியில் மூடி வெச்ச பேனா, மார்ச்சில் தாராளமாகவே ஓடியது.

கடைசிப் பக்கத்தில் மறுபடி ஸ்கோர் பண்ணினார். 1967 குடியரசு தினத்தை ஒட்டிய உரையில், நாட்டில் பரவிக் கிடக்கும் திறமையின்மையையும் வளங்கள் வீணடிக்கப்படுவதையும் மன்னிக்க முடியாது என்ற அர்த்தத்தில் பேசினார். தேர்தல் நேரம் வேற! காங்கிரஸ் தலைவர் காமராஜர் அவருக்கு ரெண்டாவது டேர்ம் கொடுக்க விரும்பினார். இந்திரா காந்தி விரும்பியது ஜாகிர் உசேனை. சென்னைக்குத் திரும்பிய ராதாகிருஷ்ணன் 1975 ஏப்ரல் 17-ல் இங்கேயே காலமானார்.

கூட எழுதினவங்க எப்படி?

ஃபக்ருதீன் அலி அகமது: 1975 ஜூன் 25 ராத்திரி, அமைச்சரவை கூடாமலே இந்திரா அனுப்பிய எமர்ஜென்சி ஃபைலில் கையெழுத்து போட்டார். அமைச்சரவை கூடினது அடுத்த நாள் காலையில்தான். 'அமைச்சரவை முடிவு எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அபு ஆபிரகாம் வரைந்த கார்ட்டூனில் ஜனாதிபதி பாத்டப்பில் குளித்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்து போடுவார். அதைவிட நச்சுன்னு ஒரு ரிசல்ட் ஷீட் கிடையாது. ஃபெயில்.

ஜெயில் சிங்: தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 1986-ல் வந்தது. இவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மேஜையிலேயே வெச்சுக்கிட்டார். எத்தனை நாளுக்குள் முடிவு சொல்லணும்னு அரசியல் சட்டத்தில் எழுதலையே! அந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. ரூட் கொஞ்சம் குறுக்கு, ஆனா விடை சரி.

ஆர்.வெங்கட்ராமன்: 1989 முதல் 1991-க்குள் வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று மூணு பிரதமர்கள். குழப்பத்திலும் எமர்ஜென்சி விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஆனா 1991 ஜனவரியில் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபோது, அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்தும், 'வேறு வகையில்' தெரியவந்தது என்ற சட்ட வார்த்தையைப் பிடித்து கையெழுத்து போட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதி மார்க் போச்சு.

கே.ஆர்.நாராயணன்: 1997-ல் உத்தரப்பிரதேச அரசைக் கலைக்கச் சொன்னது குஜ்ரால் அமைச்சரவை. 1998-ல் பீகார் அரசைக் கலைக்கச் சொன்னது வாஜ்பாய் அமைச்சரவை. ரெண்டையும் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். ரெண்டு தரப்புக்கும் ஒரே அளவுகோல்! 1999-ல் பீகார் ஃபைல் மறுபடி வந்தபோது விதிப்படி கையெழுத்து போட்டார். புது ரெகுலேஷனுக்கு மாடல் ஆன்சர் வேணும்னா இவர் பேப்பரைப் பாருங்க.

கலாம் சாருக்கு மார்க் குறைக்கலாமா?

இங்கேதான் கேன்டீன் ரெண்டாகப் பிரிந்தது. "கலாம் சாரைப் பத்தித் தப்பா எழுதினே... அவ்ளோதான்!" என்று எனக்கு அன்பான மிரட்டலே வந்தது. நம்ம தலைமுறைக்குக் கனவு காணக் கற்றுக்கொடுத்தவர், ராஷ்டிரபதி பவனை ஸ்டூடன்ட்ஸுக்குத் திறந்துவிட்டவர். அமெரிக்க சர்வேயில் 'மக்களை ஈர்ப்பது' என்று ஒரு சப்ஜெக்ட் உண்டு. அதில் அவர் சென்டம். 2006-ல் ஆதாயம் தரும் பதவி மசோதாவை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினாரே, அதற்கும் நல்ல மார்க்.

ஆனா 2005 மே மாதம் பீகார் சட்டசபையைக் கலைக்கும் ஃபைல், அவர் மாஸ்கோவில் இருந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகப் போனது. அங்கிருந்தே ஒப்புதல் கொடுத்தார். அந்தக் கலைப்பு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ராஜினாமா செய்யவே யோசித்ததாகக் கலாம் பிறகு தன் புத்தகத்தில் எழுதினார். அந்த மனசு பெரிசு, ஆனா ஒரு ராத்திரி பொறுத்திருக்கலாம். இன்னொண்ணு: இருபதுக்கு மேற்பட்ட கருணை மனுக்களில் அவர் முடிவு எடுத்தது ரெண்டில்தான். முடிவு தெரியாமல் வருஷக்கணக்கில் தூக்குக் கொட்டடியில் காத்திருப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை இல்லையா?

இதைச் சொன்னால் மரியாதைக் குறைவு கிடையாது. பிடிச்ச வாத்தியாருக்கு நாம வைக்கும் வணக்கம் வேற, ஜனாதிபதியாக அவர் போட்ட கையெழுத்துக்கு நாம போடும் மார்க் வேற. ரெண்டையும் கலந்தால், எல்லா ஜனாதிபதியும் கடைசியில் ஒரு போட்டோ, ஒரு மாலை, ஒரு லீவு நாள் என்று ஆகிவிடுவார்கள்.

நீங்களும் திருத்தலாம்!

2022-ல் பதவியேற்ற திரௌபதி முர்மு நாட்டின் 15-வது ஜனாதிபதி. அவருக்கு முன்னாடி எழுதிய 14 பேரோட பேப்பரும் நம்ம மேஜையில். திருத்த நாலே கேள்வி போதும். ஃபைல் வந்தபோது கேள்வி கேட்டாரா? ஆளுங்கட்சி மாறினாலும் அதே அளவுகோல் வெச்சிருந்தாரா? நெருக்கடி முடிந்ததும் ஒதுங்கி நின்றாரா? அவர் கையெழுத்தால் கஷ்டப்பட்டவங்க யார்?

நம்ம திருத்தணிக்காரருக்கு நான் போட்டது நூற்றுக்கு 72. நாற்காலி காலியானபோது காட்டிய நிதானத்துக்கும், 1965 பிப்ரவரிக்கும் தூக்கலாகப் போட்டேன். கேரளாவுக்கும் நீண்ட எமர்ஜென்சிக்கும் கைவலிக்காமல் கழித்தேன். கூடக் குறைச்சல் இருக்கலாம். ரீவேல்யூவேஷனுக்கு அப்ளை பண்ணலாம், ஃபீஸ் கிடையாது!

வர்ற செப்டம்பர் 5-க்கு உங்க டிபார்ட்மென்ட்டில் பேச்சுப் போட்டி வெச்சா, 'ஆசிரியர் பணியே அறப்பணி'ன்னு அரைமணி நேரம் மொக்கை போடாதீங்க பாஸ். 1965 பிப்ரவரி 11 அன்னிக்கு டெல்லியில் என்ன நடந்ததுன்னு அஞ்சு நிமிஷம் சொல்லுங்க. பின்னாடி பெஞ்ச்கூட செல்லைக் கீழே வெச்சுட்டுக் கேட்கும்!